கொலை ஆயுதம் ஓர் ஐஸ் பெட்டி

"பொட்டிய குடுக்க மாட்டானாம் அத்த."

ரஞ்சித் போனில் இதைச் சொன்னபோது கன்னியம்மா சேலைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டிருந்தாள். கொசுவம் கை நழுவிக் காலடியில் விழுந்தது.

"எவன் குடுக்க மாட்டானாம்?"

"மிலிட்டிரிகாரன்தான். உள்ள கொலை நடந்துபோச்சாம். பொட்டிக்கும் சேத்து சீல் வெச்சிட்டானுங்களாம்."

"கொலை பண்ணது பொட்டியா?"

"அத நான் எப்டி அத்த கேக்கறது? துப்பாக்கி வெச்சிகினு நிக்கறான்."

"அங்கியே நில்லு. நான் வரேன்."

கன்னியம்மாவின் பிழைப்பே அந்த ஒரு பெட்டிதான். சாவு வீட்டில் பிணத்தைக் கிடத்துகிற, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. புருஷன் போன பிறகு படகில் இருந்த பங்கை விற்று வாங்கியது. திருவொற்றியூர் குப்பத்திலிருந்து எண்ணூர் வரை யார் கண்ணை மூடினாலும் முதல் போன் அவளுக்கு வரும். அண்ணன் மகன் ரஞ்சித் தன் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவான்.

அன்று காலையில் வந்த போன், எண்ணூர் தாண்டிக் கடலோரம் இருக்கிற ராணுவக் கிடங்கு முகாமிலிருந்து. ஒருத்தர் இறந்துவிட்டார், பெட்டி வேண்டும் என்றார்கள். ரஞ்சித் கொண்டுபோனான். அவனை வாசல் கேட்டோடு நிறுத்திவிட்டுச் சிப்பாய்கள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செத்தது யார் என்று கேட்டால் ரகசியமாம். செத்தவன் பேரில் என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கிறதோ தெரியவில்லை. கேட்டுக்கு எதிரே டீ விற்கிறவர் மட்டும், "பொட்டியெல்லாம் வெச்சு மருவாதி பண்றானுங்கன்னா பெரிய ஆபீசராத்தான் இருக்கும். நம்மள மாரி ஆளுன்னா ஆட்டோல ஏத்தி அனுப்சிருப்பானுங்க," என்றார். ரஞ்சித்துக்கும் அது நியாயமாகப் பட்டது. கன்னியம்மாவிடமும் அதையே சொன்னான்.

அதற்கப்புறம்தான் மகள் மோகனப்ரியாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, சூப்பர்வைசர் மாமா தவறிட்டாரு."

கன்னியம்மாவுக்குத் துக்கம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. இந்த மனுஷன் தன்னிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் செத்துப்போனாரே என்கிற ஆத்திரம்.

சூப்பர்வைசர் மாமா என்பவர் சம்பந்தியம்மாவின் அண்ணன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தங்கை மகனை, அதாவது கன்னியம்மாவின் மாப்பிள்ளையை, வளர்த்து ஆளாக்கியவர். மாதவரம் பக்கம் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டு, இஸ்திரி கலையாத சட்டையோடு விடிவதற்குள் கிளம்பிப் போவார். மோகனப்ரியாவின் கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் எழுந்த மகான் அவர்தான். "பொணம் வெக்கற பொட்டில வந்த சோறு எனக்கு எறங்காது," என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ரஞ்சித்தின் வண்டி விம்கோ நகரில் அந்தத் தெருவுக்குள் நுழையக் கூடாது. கன்னியம்மா மகளைப் பார்க்கப் போனாலும் தெருமுனையில் இறங்கி நடந்துதான் போக வேண்டும். மோகனப்ரியா அந்த வீட்டில் எதற்காவது வாயைத் திறந்தால், "பொட்டிக்காரி பொண்ணு பேசுது பாரு," என்பார்கள்.

"அத்தயே உன்னாண்ட கேக்கச் சொன்னாங்கம்மா. பொட்டி வோணுமாம். பாடி சாயங்காலம்தான் வரும். அது எங்க கீதுன்னா..."

"எங்கனா கீட்டும். உம் மாமியாரு அவ வாயால பொட்டி கேட்டாளா?"

"கேட்டாங்கம்மா. நீ சொல்றத கேளு, மாமா எங்க வேல..."

"போன வை. பொட்டி வரும்."

கன்னியம்மா யாரையும் முழுசாகப் பேசவிட்டதாகச் சரித்திரமே கிடையாது. முகாமிலிருந்து பெட்டியைத் திருப்பி வாங்கிவரச் சொல்லி உடனே ரஞ்சித்தை அனுப்பினாள்.

இன்றைக்கு அந்த மனுஷன் தன் பெட்டியில் படுக்க வேண்டும். அந்தத் தெருவே பார்க்கத் தன் வண்டி உள்ளே போக வேண்டும். பெட்டி போகாவிட்டால், ஊருக்கெல்லாம் கொடுக்கிறவள் சம்பந்தி வீட்டுச் சாவுக்குக் கொடுக்கவில்லை என்று மகளை ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார்கள். இப்படி ஒரு நாளில்தான் மிலிட்டரிக்காரன் அதற்குச் சீல் வைத்திருக்கிறான்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அசையாமல் நின்றன. ஷேர் ஆட்டோவில் பாதி தூரம், நடந்து மீதி தூரம் என்று கன்னியம்மா முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் திட்டி முடித்தவர்களில் லாரி டிரைவர்களும், ரோடு போட்டவனும், துறைமுகம் கட்டின வெள்ளைக்காரனும் அடக்கம்.

"மாதவரத்துல தெரிஞ்ச ஆளாண்ட ஒரு பொட்டி கீது அத்த. வாங்கி அனுப்சிரலாமா?" என்றான் ரஞ்சித்.

"இன்னொருத்தன் பொட்டில அந்தாளு படுக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு? கம்முனு வா."

கேட்டில் நின்ற சிப்பாய்க்குத் தமிழில் 'இல்லை' என்கிற ஒரு வார்த்தைதான் தெரியும். அதையே அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். சத்தம் கேட்டு ஹவில்தார் திருமுருகன் வெளியே வந்தார். மதுரைப் பக்கத்து ஆள், காலையிலிருந்து யாரிடமோ திட்டு வாங்கிக் களைத்த முகம்.

"உள்ள விசாரணை நடக்குதும்மா. சாட்சியைத் தவிர யாரையும் விடக் கூடாதுன்னு மேஜர் உத்தரவு."

"அப்ப நான் சாட்சி."

"எதுக்கும்மா சாட்சி?"

"உள்ள வுடு, அப்பால சொல்றேன்."

திருமுருகன் மறுத்திருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து ஒரு சாட்சிகூடக் கிடைக்கவில்லை என்று மேஜர் அவரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று கிடைத்ததே என்று அழைத்துப் போய்விட்டார்.

மேஜர் ஜோபினுக்கு ஊர் நாகர்கோவில். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குக் கொடுத்ததெல்லாம் காணாமல் போன கம்பளி விசாரணை, காணாமல் போன வாளி விசாரணை. இன்றைக்குத்தான் ஒரு பிணம் கிடைத்தது. மெஸ்ஸின் பின்பக்கப் படிக்கட்டில் ஓர் ஆள் குப்புற விழுந்து கிடந்தார், படியில் ரத்தம், பக்கத்தில் பாதி குடித்த டீ. இது கொலை என்று முடிவுகட்ட மேஜருக்கு அந்த டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. முகாமின் டாக்டர் ஆவடி போய்விட்டுத் திரும்பும் வழியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க மேஜருக்குப் பொறுமை இல்லை. போலீஸ் வந்து கேஸைப் பிடுங்கிக்கொள்வதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும்.

"வாங்கம்மா. நீங்க என்ன பாத்தீங்க?"

"பொட்டிய பாத்தேன். காலைல அனுப்சப்ப பாத்தது. இப்ப பாக்க முடியல. அதான் வந்தேன்."

"நான் கொலையக் கேக்கேன்."

"நான் பொட்டிய கேக்கறேன்."

மேஜர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "போன் பண்ணதும் பெட்டி உடனே வந்துட்டுன்னு சொல்லுதாங்க. அது எப்படி உடனே வரும்? தயாரா வச்சிருந்தீங்களா?"

"தயாராத்தான் வெச்சிருப்பேன். வேற எப்டி வெக்கறது?"

"அப்போ ஒருத்தர் சாகப் போறார்னு முன்கூட்டியே தெரியும்."

"தெரியும்தான். தெனத்துக்கும் எவனாச்சும் சாவறான். அதானே தொழிலே."

மேஜர் எழுதினார். பிறகு மெதுவாக, பெரிய வலையை வீசுகிற நினைப்பில் கேட்டார். "இந்தச் சாவுனால லாபம் யாருக்கு?"

"எனக்குத்தான். எங்க ஏரியாவுல எவன் செத்தாலும் எனக்குத்தான் லாபம். இதுல இன்னா கண்டுபுடிச்சிட்ட நீ?"

ரஞ்சித் தலையில் கை வைத்துக்கொண்டான். மேஜர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார். கேட்டில் சாட்சியாக நுழைந்தவள் இப்போது சந்தேக நபர். திருமுருகன் அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலியை, உத்தரவின் பேரில், எடுத்துவிட்டார்.

மடியில் போன் அடித்தது. மேஜர் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கன்னியம்மா எடுத்தாள்.

"அம்மா, பொட்டி கெளம்பிச்சா? அத்த வாசல்லயே நின்னுகினு கீறாங்க. பக்கத்து வூட்டுக்காரங்கல்லாம் கேக்கறாங்க. இவரு பாடி வாங்கறதுக்கு பேப்பர் எழுத போயிருக்காரு. இன்னா ஆச்சுன்னா..."

"வந்துகினே கீதுடி. சும்மா நைநைங்காத."

வைத்தாள். கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டு வாசலில் தன் மகள் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"தபாரு நைனா," என்றாள், கொஞ்சம் இறங்கி வந்து. "எங்க சம்பந்தி வூட்ல சாவு. அந்தப் பொட்டி போனாத்தான் எம் பொண்ணுக்கு அங்க மருவாதி. எப்ப வுடுவ?"

"விசாரணை முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

"கொலை பண்ணவங்க ஒத்துக்கிட்டதும்."

"அவ்ளோதானா? அப்ப நான்தான் கொன்னேன். எழுதிக்க. பொட்டிய வுடு."

ரஞ்சித் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "அத்த, இன்னா பேசற? இது கேசு அத்த. புழல் ஜெயில்ல போட்டுருவானுங்க."

"போடட்டும். மொதல்ல பொட்டி விம்கோ நகர் போவட்டும், அப்பால நான் புழல் போறேன்."

மேஜர் ஜோபின் அவசரமாகப் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். வாளி கேஸில்கூட யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. "எப்படிக் கொன்னீங்க? விஷமா?"

"உனக்கு எது வசதியோ அத எழுதிக்க."

"சார்," என்றார் திருமுருகன், "இந்தம்மா இன்னைக்குத்தான் மொத தடவை கேட்டுக்குள்ளயே வர்றாங்க."

"நீ சும்மா நில்லு. ஆயுதம் என்னன்னு சொல்லுங்கம்மா. ஆயுதம் இல்லாம கொலை நிக்காது."

கன்னியம்மாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. கொலையும் செய்து, அதற்கு ஆயுதமும் தானே கொண்டுவர வேண்டுமாம். "பொட்டியாலதான் அடிச்சேன். போதுமா?" என்று கத்தினாள்.

அது போதவில்லை. அதிகமாகிவிட்டது. மேஜர் எழுந்து நின்றார்.

"திருமுருகன், பெட்டிதான் ஆயுதம். ஆயுதத்துக்குள்ள போய்ப் பிணத்தை வச்சிருக்கோம். தடயமெல்லாம் அழிஞ்சிரும். உடனே இறக்கணும். பெட்டிய ஆயுத அறையில வச்சுப் பூட்டணும்."

"யோவ்," என்றாள் கன்னியம்மா. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் வாய் அவளையே மாட்டிவிட்டிருந்தது.

மெஸ்ஸின் பின்பக்க அறையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மூடிக்கு மேல் வெள்ளைத் துணி. ரகசியமாயிற்றே. உள்ளே இருந்தவரைத் தலை முதல் கால் வரை இன்னொரு துணியால் மூடியிருந்தார்கள். சிப்பாய்கள் சுற்றி நின்றார்கள்.

"சார், பாவம் சார்," என்றார் திருமுருகன். "இந்த வெயில்ல எங்க சார் வைக்கறது?"

மேஜருக்கும் அது தெரியவில்லை. கன்னியம்மாவுக்கு மட்டும் மின்னல் மாதிரி ஒன்று தோன்றியது. பிணத்தை இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பூட்டின கதவை அப்புறம் உடைத்துக்கொள்ளலாம், ஆளை வைத்திருக்கும் பெட்டியைத்தான் தூக்க முடியாது.

"உங்க மெஸ்ஸுல மீனு வெக்கற ஐஸு இல்ல? அதுல போடு," என்றாள்.

"மீன் ஐஸ்லயாம்மா?" என்றார் திருமுருகன்.

"ஐஸு ஐஸுதான். கெட்டுப்போவாம கெடந்தா சரி. அவன் அவன் கடல்ல பொணமா ஒதுங்கறான், அவனுக்கு யாரு பொட்டி வெச்சா? தூக்கு, தூக்கு. ரஞ்சித்து, கால புடிடா."

தூக்கினார்கள். ஒரு பெரிய ஆபீசரை ஒரு வார்த்தை எதிர்ப்பில்லாமல் இவ்வளவு லேசில் மீன் ஐஸில் கிடத்திவிட்டார்களே என்று கன்னியம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. என்ன பட்டாளமோ என்று நினைத்துக்கொண்டாள். செதில் ஒட்டின நீல ட்ரேக்களை ஒதுக்கிவிட்டு, உடைத்த ஐஸைப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பிணத்தையும் பெட்டியிலிருந்து பாதியில் இறக்கியதில்லை. மனசு கேட்கவில்லை. சாக்குக்குப் பக்கத்தில் குனிந்து, "கோச்சிக்காத நைனா. உனக்கு சர்க்காரு கீது, எல்லாம் பண்ணும். எங்க ஆளுக்கு நான்தான் கீறேன்," என்றாள். பிறகு நிமிர்ந்து, பெட்டியின் ப்ளக்கை உருவினாள்.

மேஜர் அதற்குள் பூட்டோடு வந்துவிட்டார். ஆயுத அறைக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக ஆட்களைக் கூப்பிட்டார். கன்னியம்மா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்குங்கம்மா. நீங்க குற்றவாளி."

"குற்றவாளிதான். என்னையும் சேத்து உள்ள வெச்சு பூட்டு."

இந்த நிலையில்தான் டாக்டர் கிறிஸ்டினா வந்து சேர்ந்தார். லாரிகளுக்கு நடுவே வெயிலில் வெந்து வந்த கோபம் அவருக்கு. மேஜர் சொன்ன கொலைக் கதையைப் பாதிதான் கேட்டார். நேராக உள்ளே போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஹார்ட் அட்டாக். போன மாசமே இவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். விழும்போது மூக்கு படியில அடிச்சிருக்கு, அந்த ரத்தம்தான். இதுல எங்க சார் கொலை வந்துது?"

"இந்தம்மா ஒத்துக்கிட்டாங்களே," என்றார் மேஜர்.

"எதால கொன்னாங்களாம்?"

மேஜர் பெட்டியைக் காட்டினார். டாக்டர் பெட்டியைப் பார்த்தார், அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கன்னியம்மாவைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மேஜர் ஜோபின் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பெட்டி உங்களதுதாம்மா," என்றார் திருமுருகன். "ஆனா அவர் வீட்டாளுங்க சாயங்காலம் வர்றாங்க. அதுவரைக்குமாவது இருந்தா நல்லது. பாவம், நல்ல மனுசன், அவரு இங்க..."

"எவரா இருந்தா எனக்கின்னா? எங்க வூட்டு சாவு எனக்கு மொதல்ல. ரஞ்சித்து, தூக்குடா."

விம்கோ நகரில் அந்தத் தெருமுனை வந்ததும் ரஞ்சித் பழக்கதோஷத்தில் பிரேக் போட்டான்.

"இன்னாத்துக்கு நிக்கற? உள்ள போ," என்றாள் கன்னியம்மா. "ஆரன் அடிச்சிகினே போ."

ஷாமியானாவுக்குக் கீழே தெருவே கூடியிருந்தது. பெட்டி இறங்கியது. கன்னியம்மா தன் முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்தாள். வழியில் வாங்கி வந்த ரோஜா மாலையை மூடியின் மேல் வைத்தாள், அவருக்குப் போட எடுத்து வந்த கோடித் துணியைப் பக்கத்தில் வைத்தாள். ப்ளக்கைச் சொருகியதும் பெட்டி ஓட ஆரம்பித்தது.

சம்பந்தியம்மா வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்கள போயி எங்கண்ணன் அந்த மாரி பேசுச்சே. அதெல்லாம் மனசுல வெச்சிக்காம வந்து நிக்கறீங்களே."

பந்தியில் எழுந்து போன அந்த இலையிலிருந்து இன்றைக்குவரை கன்னியம்மாவின் உள்ளே கனன்ற நெருப்பு அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீங்க வேற. இந்தப் பொட்டி எப்டி வந்துதுன்னு தெரியுமா?" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "எண்ணூர்ல எவனோ ஒருத்தன இதுல வெச்சு, தரமாட்டேன்னுட்டானுங்க. வுடுவனா? அந்தாள தூக்கி மீனு ஐஸ்ல கடாசிட்டு இஸ்துகினு வந்தேன். உங்க அண்ணனுக்குன்னா நான் அத்தினியும் பண்ணுவேன்."

கூட்டத்தில் நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். சம்பந்தியம்மா வாய்விட்டு அழுதாள். மோகனப்ரியா மட்டும் முகம் வெளுத்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அம்மா, ஒரு நிமிசம் நான் சொல்றத..."

"அப்பால சொல்லு. பாடி வருது பாரு."

வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை முன்பக்கத்திலிருந்து இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து முதலில் இறங்கியவர் ஹவில்தார் திருமுருகன். ஷாமியானாவுக்குள் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற கன்னியம்மாவைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"ஏம்மா, எங்க மெஸ்ல வேலை பாத்த இவரை இந்தப் பெட்டியிலேர்ந்து இறக்கி மீன் ஐஸ்ல போடச் சொல்லித்தானே மத்தியானம் அம்புட்டு சண்டை போட்டீங்க, இப்ப திரும்ப இதுலயேவா ஏத்தணும்?"